ஒப்பாரி வேண்டாம், ஒரு திரை வேண்டும்

சென்னை அசோக் நகரில் 1983இல் திறக்கப்பட்ட உதயம் தியேட்டர் 2024இல் நின்றுபோனபோது, ஒரு வாரத்துக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் கட்டுரையாளர் ஆனார்கள். உதயத்தில் பார்த்த முதல் நாள் முதல் காட்சி, அதே வளாகத்துச் சூரியன் திரையில் டிக்கெட் கிடைக்காமல் சந்திரன் திரையில் நுழைந்து பார்த்த மொக்கைப் படம், மினி உதயத்தின் மூலை இருக்கை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் நாலு வரி எழுதினேன், மறைப்பானேன். அடுத்த வாரம் வேறு பேச்சு வந்துவிட்டது. இடம் அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

இந்தத் துக்க வீட்டுக்கு எப்போதும் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை. "கூட்டம் வரல, மூடிட்டாங்க. அவர் சொத்து, அவர் இஷ்டம். மால்ல ஏ.சி. தியேட்டர் இருக்கு, வீட்ல ஓடிடி இருக்கு. இதுல உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?" என்பார். இன்னொருவர் ஒப்பாரிக்காரர். தரை டிக்கெட், மணலைக் குவித்து உட்கார்ந்தது, இடைவேளைக் கைமுறுக்கு, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் வந்ததும் வயல் வரப்பில் ஓடியது என்று கண் கலங்குவார். இருவரும் எதிரிகள்போலத் தெரியும். உண்மையில் இருவர் கட்சியும் ஒன்றுதான். தியேட்டருக்கு வயதாகிவிட்டது, போக வேண்டிய காலத்தில் போகிறது என்பதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை. ஒருவர் அழாமல் சொல்கிறார், மற்றவர் அழுதுகொண்டே சொல்கிறார். இடித்துக் கட்டப் போகிறவருக்கு இந்த இரண்டு பேராலும் ஒரு தொந்தரவும் இல்லை.

எனக்கு இருவரோடும் வழக்கு உண்டு. கணக்குப்பிள்ளை கணக்காவது சொல்கிறார் என்பதால் அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

கூட்டம் வரவில்லையாம். எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு தாலுகா தலைநகர். மூன்று தியேட்டர்கள் இருந்தன. ஒன்று கல்யாண மண்டபம் ஆனது. திரை இருந்த இடத்தில் இப்போது மணவறை. இன்னொன்று பல்பொருள் அங்காடி. மூன்றாவது நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் உரிமையாளரின் மகன், கடைசிப் பத்து வருடம் தியேட்டரை நடத்தியவர், பழைய டி.சி.ஆர். கட்டுகளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். டி.சி.ஆர். என்றால் தினசரி வசூல் அறிக்கை. விநியோகஸ்தர் அனுப்பும் ஆள் கூடவே உட்கார்ந்து டிக்கெட்டை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திடும் தாள். "கூட்டம் வரலைன்னு யாருண்ணே சொன்னா? கூட்டம் வந்த மூணு நாள்ல எங்க கையில என்ன நின்னுச்சுன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் வாரத்தில் நூறு ரூபாய்க்கு எழுபது, சில சமயம் அதற்கும் மேல் விநியோகஸ்தருக்குப் போகிறது. மீதி முப்பதுக்குள் சம்பளம், மின்சாரம், டிஜிட்டல் புரொஜெக்டரின் தவணை, ஏ.சி. பழுது எல்லாம் அடங்க வேண்டும். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று போகப்போகத் தியேட்டர்காரரின் பங்கு கூடும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் பழைய ஏற்பாடு. ஆனால் இரண்டாம் வாரம் என்ற ஒன்று இன்று எங்கே இருக்கிறது?

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு படத்துக்குச் சில டஜன் பிரின்ட்தான் போடுவார்கள். பிரின்ட் விலை அப்படி. அவை முதலில் பெருநகர ஏ சென்டரில் ஓடி, பிறகு நடுத்தர ஊர்களின் பி சென்டருக்கு இறங்கி, கடைசியில் கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு, சிற்றூரின் சி சென்டர் கொட்டகைக்கு வந்து சேரும். ‘பெட்டி வந்துடுச்சா?' என்பது பிரின்ட்டை எதிர்பார்த்து ஊரே கேட்கும் கேள்வி. படம் பழசாகி வந்தாலும் ஊருக்குப் புதுசு. பங்கு ஏற்பாடும் சிறு தியேட்டருக்குத் தோதாக இருக்கும். டிஜிட்டல் வந்தபின் பிரின்ட் செலவு போயிற்று. ஒரே வெள்ளிக்கிழமையில் மாநிலம் முழுக்க எல்லாத் திரையிலும் ஒரே படம். திங்கட்கிழமைக்குள் வசூலை வாரிவிட வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. நான்கு வாரத்தில் அதே படம் கைப்பேசிக்கு வந்துவிடும். நூறு நாளில் நிதானமாக வந்துபோன கூட்டத்தை மூன்று நாளில் அடைத்து, அந்த மூன்று நாள் வசூலின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, மீதி இருபத்தேழு நாள் காலி நாற்காலியைக் காட்டி ‘கூட்டம் வரல' என்கிறார்கள். கூட்டம் வரும் வழியை மாற்றியது பார்வையாளர் இல்லை.

டிஜிட்டல் என்றாலே செலவு குறையும் என்று அப்போது சொன்னார்கள். குறைந்தது, ஆனால் யாருக்கு? திரையிடும் சேவைக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்ற சண்டையில்தான் 2018 மார்ச்சிலிருந்து ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வெளியாகவில்லை. தயாரிப்பாளர்களும் சேவை நிறுவனங்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் சின்ன ஊர்த் தியேட்டர்காரர்கள் ஆபரேட்டருக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, கூட்டம் இல்லாததால்தான் மூடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணா சாலையில் 1964இல் வந்த சபையர், தமிழ்நாட்டின் முதல் மூன்று திரை வளாகம். அதன் திரைகளில் ஒன்றான புளூ டைமண்டில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு எந்த நேரத்திலும் நுழைந்து, எத்தனை காட்சி வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்; வேலை தேடி சென்னைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் அந்த ஏ.சி.யில் மதியம் தூங்கி எழுந்தார்களோ. 1994இல் மூடினார்கள். அந்த மனை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. அதைவிட நல்ல காரியம் ஏதோ காத்திருந்ததால் தியேட்டர் போகவில்லை. நிலம் சும்மா கிடந்தாலும் விலை ஏறும், தியேட்டர் ஓடினால்தான் செலவு, அதனால் போயிற்று. அதே சாலையில் 1961இல் திறந்து, சிவாஜி ரசிகர்களின் கோயிலாக இருந்த சாந்தி 2016இல் நின்று வணிக வளாகமானது. அங்கே போட்டியில் தோற்றது படமா, சதுர அடியா?

எந்தச் சிற்றூரிலும் தியேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில், ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட, ஒரே பட்டாவாக. கட்டியபோது அது ஊருக்கு வெளியே. தியேட்டர் வந்ததால் அதன் எதிரில் டீக்கடை வந்தது, சைக்கிள் ஸ்டாண்டு வந்தது, ஹோட்டல் வந்தது, தெரு வந்தது, ஊர் அந்தப் பக்கம் வளர்ந்தது. தானே ஏற்றிவிட்ட நில மதிப்புக்குத் தானே பலியாகிற கட்டடம் அது. இதை ‘இயற்கையான மரணம்' என்று எழுதுகிறவர்களுக்கு இயற்கையும் தெரியாது, பத்திரப் பதிவும் தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி ஒன்றை இன்று யாரும் நடத்த முடியாது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி'யோடு திறந்தது, 2,500க்கு மேல் இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லிச் சொல்லியே மதுரைக்காரர்கள் இரண்டு தலைமுறை வளர்ந்தார்கள். இப்போது அங்கே துணிக்கடை. 2,500 இருக்கையை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நிரப்ப முடியாது என்பது சரிதான். அதற்காக 250 இருக்கையும் கூடாது என்று யார் முடிவு செய்தது? ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு தளத்தில் ஒரு திரையை விட்டுவைத்தால் பட்டுச்சேலை விற்காமலா போய்விடும்? கணக்குப்பிள்ளையிடம் இந்தக் கேள்வியை வைத்தால், "அது அவர் சொத்து சார்" என்று இரண்டாவது வாதத்துக்குத் தாவுவார்.

தாவட்டும். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

தமிழ்நாட்டில் மளிகைக்கடை வைக்கிறவர் பருப்பு விலையைத் தானே போடலாம். தியேட்டர் வைக்கிறவர் டிக்கெட் விலையைத் தானே போட முடியாது, அரசாணை போடும். 2017 அக்டோபர் ஆணைப்படி மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய்தான் உச்சம், மற்றத் தியேட்டர்களுக்கு அதற்கும் கீழே. ஒரு நாளைக்கு எத்தனை காட்சி என்பதும் அவர் கையில் இல்லை. 2023இல் ‘லியோ' வந்தபோது காலை எத்தனை மணிக்கு முதல் காட்சி, இரவு எத்தனை மணிக்குள் கடைசிக் காட்சி முடிய வேண்டும் என்பது உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் தருகிறவர் மாவட்ட ஆட்சியர். அந்த உரிமமான சி படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் கட்டட உறுதிக்கு ஒரு சான்று, மின்சாரத்துக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று. படத்துக்கு முன்னால் அரசின் செய்திப் படத்தைக் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் விதி இருந்தது. பீகார் வெள்ளத்தையும் பக்ரா நங்கல் அணையையும் எங்கள் ஊர் அப்படித்தான் பார்த்தது. அந்தச் சுருளுக்கு வாடகை கட்டியவரும் தியேட்டர்காரரே.

வரியைச் சொல்லவில்லையே. சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் 1939இல் வந்தது. அந்த வரியில் பெரும்பங்கு உள்ளாட்சிகளுக்குப் போனது. எங்கள் ஊர் நகராட்சி எரித்த தெருவிளக்கில், தோண்டிய சாக்கடையில், தரை டிக்கெட் வாங்கியவன் காசு இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நாடெங்கும் கேளிக்கை வரி அதில் கரைந்தது என்றார்கள்; தமிழ்நாடோ உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று தனியாக ஒன்றை மேலே போட்டது. அந்த ஜூலையில் தியேட்டர்கள் நான்கு நாள் கதவடைத்துப் பார்த்தன. விகிதம் குறைந்ததே தவிர வரி போகவில்லை.

ஆக, விலை வைக்கும்போது தியேட்டர் பொதுச்சேவை. நேரம் குறிக்கும்போது பொதுச்சேவை. வரி வாங்கும்போது பொதுச்சேவை. செய்திப் படம் ஓட்டச் சொன்னபோது அரசின் பிரசார ஊர்தி. இடிக்க ஜேசிபி வருகிற நாளில் மட்டும் தனியார் சொத்து. எழுபது ஆண்டு ஊர்ச் சொத்துபோல நடத்தியதற்கு, மூடும்போது ஊரிடம் ஒரு வார்த்தை கேட்கும் கடமையாவது மிச்சம் இருக்க வேண்டாமா? ரேஷன் கடையை மூன்று தெரு தள்ளி மாற்றினால் மறியல் நடக்கிறது. தியேட்டரை எடுத்துவிட்டால் முகநூலில் படம் போடுகிறோம்.

இதனால் தியேட்டர் முதலாளிகள் எல்லோரும் தியாகிகள் என்று சொல்ல வரவில்லை. பெரிய படத்துக்கு முதல் வாரம் கவுண்டரில் ஒரு விலை, கதவருகே வேறு விலை என்று விற்றவர்களை நாம் அறிவோம். கழிப்பறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். என் அம்மா இடைவேளையில் எழுந்து போகக்கூடாது என்பதற்காகவே மதியம் தண்ணீர் குடிக்காமல் வருவார். மாட்னிக்குத் தனியாக வந்த பெண்ணை இந்த ஊர்கள் எப்படிப் பார்த்தன என்பதும் ஒப்பாரிக் கட்டுரைகளில் வராத சங்கதி. 2023இல் சென்னையில் கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பம் ஒன்று உள்ளே விடப்படாமல் நிறுத்தப்பட்டதை நாடே பார்த்தது. எல்லாம் உண்மை. ஆனால் அரசுப் பள்ளியின் கழிப்பறை மோசம் என்றால் கழிப்பறையைக் கட்டச் சொல்கிறோம். பள்ளியை விற்று மண்டபம் கட்டச் சொல்வதில்லை.

அந்த நரிக்குறவர் குடும்பத்தின் விஷயத்தில் நாடு ஏன் அவ்வளவு கொதித்தது என்று யோசித்தால், மால் வாதத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நகைக்கடை வாசலிலும் நட்சத்திர ஹோட்டல் வாசலிலும் அவர்களைத் தினமும்தான் நிறுத்துகிறார்கள். யாரும் வீடியோ எடுப்பதில்லை. தியேட்டர் வாசலில் நிறுத்தியபோது ஏதோ ஒரு பழைய ஒப்பந்தம் மீறப்பட்டதாக எல்லோருக்கும் பட்டது. டிக்கெட் இருந்தால் உள்ளே விட வேண்டும் என்ற ஒப்பந்தம். கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைப் பற்றி எழுதும்போது இதைத்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: கோயிலில், கூத்து மேடைக்கு முன்னால், சபாக்களில் சாதியும் அந்தஸ்தும் பார்த்து இடம் ஒதுக்கிய சமூகத்தில், எல்லாத் தமிழரையும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து உட்கார வைத்தது சினிமாக் கொட்டகை. உள்ளே தரை, பெஞ்சு, சேர் என்று பிரிவு இருந்தது, ஆனால் பிரித்தது கையிலிருந்த சில்லறை. காசு வந்தால் தரையிலிருந்து சேருக்குப் போகலாம். சாதி அப்படி மாறாது.

மால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அங்கே டிக்கெட் கடைசி வாசல். அதற்கு முன் நாலு வாசல் இருக்கிறது. ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் பேருந்து, திரும்பிவரக் கடைசிப் பேருந்து இருக்கிறதா என்ற கவலை, வண்டியில் போனால் மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங், பையைத் துழாவும் காவலர். லுங்கி கட்டியவர் தானாகவே திரும்பிவிடுவார், யாரும் தடுக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் உரிமை தியேட்டருக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குடிநீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும். சட்டம் சரியாகவே இருக்கட்டும். பாத்திரத்தில் புளிசாதம் கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாகப் படத்துக்குப் போன குடும்பத்துக்கு அதன் பொருள், இரண்டு பிள்ளைகளின் பாப்கார்ன் நான்கு டிக்கெட்டைவிட அதிகம் என்பதுதான். இதைத்தான் ‘அதே படம், நல்ல ஏ.சி.' என்கிறார்கள்.

அந்த மால் திரையாவது சாசுவதமா? பிவிஆரும் ஐநாக்ஸும் 2023இல் ஒன்றாயின. ஒன்றான சில மாதத்திலேயே நஷ்டத்தில் ஓடும் ஐம்பது திரைகளை மூடப் போவதாக அறிவித்தது அந்த நிறுவனம். எந்தத் திரை வாழும் என்பதை முடிவு செய்கிறவர் கணினியில் வசூலைப் பார்ப்பார். ஊரைப் பார்த்திருக்க மாட்டார். எங்கள் ஊர் முதலாளி சண்டைக்காரர், கஞ்சர், எல்லாம்தான். ஆனால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஹாலைக் கொடுத்தார். புயல் இரவில் நரிமேட்டுக் குடிசைக்காரர்களைத் தியேட்டருக்குள் படுக்க விட்டார். மறுநாள் அடுப்பெரியாத வீடுகளுக்குக் கேன்டீன் அடுப்பில்தான் பால் காய்ச்சினார்கள்.

ஓடிடியைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் சந்தா இருக்கிறது, நல்ல ஈரானியப் படம் பார்க்கிறேன், மாமியார் தொடர் பார்க்கிறார். வீட்டில் குழாய் வந்துவிட்டது என்று ஆற்றை விற்றுவிடுவோமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. (விற்றுத்தான் கொண்டிருக்கிறோம், மணலாக. அது வேறு கட்டுரை.) படம் கைப்பேசிக்கு வந்துவிட்டதால் சேர்ந்து பார்க்கும் ஆசை தீர்ந்துவிட்டது என்றால், பொருளாதாரம் படித்தவர்கள் 2024 ஏப்ரலை விளக்க வேண்டும். இருபது வருடப் பழைய ‘கில்லி', எல்லோரும் வீட்டில் எண்ண முடியாத தடவை பார்த்தது, வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை மறுபடி வெளியிட்டபோது டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்கு முன் 2012இல், 1964இன் ‘கர்ணன்' டிஜிட்டலாகிச் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. படத்தைப் பார்க்க மட்டும் அவர்கள் வரவில்லை. கூட உட்கார்ந்து கத்த வந்தார்கள். அதற்கு வாடகை வாங்கத் தெரிந்த தியேட்டர்காரர் பிழைத்தார்.

பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கணக்குப்பிள்ளை கவனிப்பதில்லை. திருநெல்வேலியில் ராம் முத்துராம், குரோம்பேட்டையில் வெற்றி, வடபழனியில் கமலா எல்லாம் தனியாரின் பழைய தியேட்டர்கள்தான். நாற்காலியை மாற்றினார்கள், ஒலியை மாற்றினார்கள், கழிப்பறையைக் கழுவினார்கள், ரசிகரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு முடிந்தது கையில் முதலும் நகரத்து ரசிகரும் இருந்ததால். எங்கள் ஊர்க்காரருக்கு முதல் கொடுக்க எந்த வங்கி வரும்? அவர் தியேட்டரை அடமானமாக வைத்தால் வங்கி மேலாளர் திரையைப் பார்ப்பதில்லை, மனையை அளக்கிறார்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று திரைகள். நடத்துவது கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 1975இல் தொடங்கியது. புதுப்படமும் ஓடுகிறது, டிசம்பரில் உலகத் திரைப்பட விழாவும் அங்கே நடக்கிறது, ஆட்டோ ஓட்டுநர் ஜப்பானியப் படத்துக்கு வரிசையில் நிற்கிறார். கொல்கத்தாவில் 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நந்தன் மாநில அரசின் அரங்கம். லண்டன் கிழக்கு ஃபின்ச்லியில் ஃபீனிக்ஸ் என்று ஒரு நூற்றாண்டு கண்ட தியேட்டர். அலுவலகக் கட்டடமாக மாற இருந்ததை அந்தப் பகுதி மக்கள் 1985இல் ஓர் அறக்கட்டளையாக்கிக் கையில் எடுத்தார்கள், இன்றும் ஓடுகிறது. மும்பையில் தியேட்டரை இடித்துக் கட்டினால் புதுக் கட்டடத்தில் பழைய இருக்கைகளில் ஒரு பங்கையாவது திரையரங்காக வைக்க வேண்டும் என்று கட்டட விதியே உண்டு. உரிமையாளர்கள் அதை எதிர்த்துப் புலம்புகிறார்கள். புலம்பட்டும், விதி என்றால் அப்படித்தான்.

சினிமாவால் ஆட்சியைப் பிடித்த, முதலமைச்சர்களைப் பெற்ற தமிழ்நாட்டில் இவற்றில் எதுவும் இல்லை. இங்கே காப்பாற்றப்பட்ட தியேட்டர் என்று எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் மவுன்ட் ரோட்டில் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர். இரண்டே வருடத்தில் தபால் துறை வாங்கியதால் இடிபடாமல் தப்பி, அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான நிலையமாக நிற்கிறது. ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கிக் கூடாரம் கூடாரமாக அலைந்து, 1914இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் தெருப்பெயராக நிற்கிறது. கட்டடத்தை வைத்துக்கொண்டு திரையை எடுத்துவிடுவதும், திரையோடு கட்டடத்தையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பு ஆகாது. எனக்குப் பழைய தூண்கள் வேண்டாம். பழைய நாற்காலி வேண்டவே வேண்டாம், முதுகுவலி இருக்கிறது. வேண்டியது, ஊரில் இருநூறு பேர் நூறு ரூபாய்க்குள் உட்கார ஓர் இருட்டு அறை.

மானியம் கொடு என்றால் "சினிமாவுக்கா?" என்று முகம் சுளிப்பார்கள். நூலகத்துக்கு வீட்டு வரியோடு சேர்த்து ஒரு வரி கட்டுகிறோம்; 1948 சட்டத்திலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. கிளை நூலகம் இந்த மாதம் லாபமா என்று யாரும் கேட்பதில்லை. தியேட்டருக்கு அந்த அளவு கூட வேண்டாம். அதனிடமிருந்து வாங்கியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் போதும். நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியிருக்கிறது. ஒரே திரை வைத்திருக்கும் சின்ன ஊர்த் தியேட்டருக்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரியையும் எடுத்துவிட்டால் நகராட்சி ஒன்றும் திவாலாகாது. 2022இலிருந்து பள்ளிக் கல்வித் துறை மாதம் ஒரு சிறார் படத்தை அரசுப் பள்ளிகளில் காட்டிவருகிறது. நல்ல திட்டம். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, சுவரில் ஒளி விழுந்ததும் விழாததுமாகக் காட்டுகிறார்கள். அரை கிலோமீட்டர் தூரத்தில் முறையான திரையும் ஒலியும் உள்ள கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருந்த காலத்திலும் காலை பதினொன்று வரை அதற்கு வேலை இல்லை. அந்தக் காலை நேரத்தை மாதத்துக்கு எட்டு நாள் அரசு வாடகைக்கு எடுத்தால், பிள்ளைகளுக்குப் படம் தெரியும், தியேட்டர்காரருக்கு மின்கட்டணம் தேறும். இதற்கு ஆய்வுக் குழு எதற்கு?

இன்னொன்று, காசே செலவில்லாதது. தியேட்டர் உரிமம் பெற்ற இடத்தை வேறு பயனுக்கு மாற்ற விண்ணப்பம் வந்தால் ஆறு மாதம் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்; அதற்குள் ஊரில் யாராவது, ஒரு கூட்டுறவுச் சங்கமோ நகராட்சியோ பழைய ஆபரேட்டரோ, குத்தகைக்கு எடுத்து நடத்த முன்வந்தால் அவர்களோடு பேச வேண்டும்; யாரும் வராவிட்டால் புதுக் கட்டடத்தில் ஒரு திரைக்கு இடம் விட வேண்டும். உரிமையாளரின் மகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். "மூணாவது மாடியில ஒரு ஸ்கிரீன் வச்சா, கீழ சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆள் வரும்ணே" என்றார். அவர் வியாபாரி, சரியாகத்தான் கணக்குப் போட்டார்.

அவருடைய மனைக்கு வணிக வளாகம் கட்ட வரைபட அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. படிவத்தை நான் பார்த்தேன். எத்தனை கார் நிற்கும், எத்தனை இரு சக்கர வாகனம் நிற்கும், மழைநீர் எங்கே போகும், படிக்கட்டு எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி, பழைய ஆபரேட்டர், எதிர் டீக்கடைக்காரர், இரண்டு பள்ளி ஆசிரியைகள் உட்பட அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு போன மாதம் நகராட்சிக்குப் போனோம். எழுத்தர் முழுவதும் படித்தார். முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். பிறகு மனுவைக் கையில் வைத்துக்கொண்டே வருவாய், நகரமைப்பு, சுகாதாரம் என்று மேசை மேசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இதை எந்த செக்‌ஷனுக்கு அனுப்பறது?"